சீந்தில்: தண்டைப் பார்த்து எடுங்கள், நாள் எண்ணிக் குடியுங்கள்

(வாசகர் கேள்வி – பதில் பகுதி. இந்த முறை சீந்தில் கொடி பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். தாவரவியல் கற்பிப்பவரும் சித்த மருத்துவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.)

எங்கள் ஊர்க் கிளுவை வேலியில் நான்கைந்து கொடிகள் பின்னிக் கிடக்கின்றன. இரண்டு மூன்றுக்கு இலை வெற்றிலை போலவே இருக்கிறது. சீந்தில் எது என்று தப்பில்லாமல் கண்டுபிடிப்பது எப்படி?
– வாசகர், பெரம்பலூர்

இலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். வேலியில் ஏறும் கொடிகளில் பலவற்றுக்கு இலை இதய வடிவம்தான். சீந்தில் என்று நினைத்து வேலிப்பருத்தியைப் பறித்து வருவது அடிக்கடி நடக்கிறது. அதை ஒதுக்குவது எளிது. ஓர் இலையைக் கிள்ளுங்கள். பால் வடிந்தால் அது சீந்தில் கிடையாது. வேலிப்பருத்தியில் ஒரு கணுவுக்கு இரண்டு இலைகள் எதிரெதிராக இருக்கும். சீந்திலில் கணுவுக்கு ஓர் இலைதான், மாறிமாறி வரும்.

பால் இல்லை, இலையும் மாற்றடுக்கு என்றால் அடுத்து இலைக்காம்பைப் பாருங்கள். சீந்திலின் காம்பு நீளமானது, 15 செ.மீ. வரைகூடப் போகும். அது தண்டோடு சேரும் அடிப்பகுதி சற்றுப் பருத்து, லேசாக முறுக்கிக்கொண்டிருக்கும். விரலால் தடவினாலே அந்த முறுக்கு தெரியும்.

கடைசியாகத் தண்டு. விரல் பருமனுள்ள முற்றிய தண்டில், மேல்தோல் மெல்லிய காகிதம் போலச் சாம்பலும் பழுப்புமாக உரிந்து வரும். நகத்தால் சுரண்டினால் உள்ளே பளிச்சென்று பச்சை. தோலின் மேல் வெளிறிய புள்ளிகள் இருக்கும். அவை தண்டு மூச்சுவிடும் துளைகள். கத்தியால் குறுக்கே ஒரே வெட்டாக வெட்டிப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஆப்பு ஆப்பாக மரப்பகுதி பிரிந்து, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி தெரியும். துணுக்கை நாவில் வைத்தால் சில நொடிகளில் கசப்பு ஏறும். ஆனால் மற்ற அடையாளங்கள் எல்லாம் ஒத்துப்போன பிறகே வாயில் வையுங்கள். தெரியாத கொடியைச் சுவைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கும் பழக்கம் வேண்டாம். வேலியில் நஞ்சுள்ள குன்றிமணியும் கண்வலிக்கிழங்கும்கூட ஏறுகின்றன.

இன்னோர் அடையாளம் கோடையில் கிடைக்கும். இலை உதிர்ந்த கொடியிலிருந்து நூல் நூலாக விழுதுகள் தொங்கும். மஞ்சள் கலந்த பச்சையில் சின்னப் பூக்கள் அப்போதுதான் வரும். ஆண் பூ ஒரு கொடியிலும் பெண் பூ வேறு கொடியிலும் பூக்கும். அதனால் உங்கள் வேலியில் ஆண்டுதோறும் பூத்தும் பழம் வராவிட்டால் குழம்ப வேண்டாம், அது ஆண் கொடியாக இருக்கலாம். பெண் கொடியில் பட்டாணி அளவுப் பழங்கள் பழுத்துச் சிவக்கும். மருந்துக்கு இரண்டின் தண்டையும் எடுக்கிறார்கள்.

தாவரவியல் பெயர் டினோஸ்போரா கார்டிஃபோலியா. குடும்பம் மெனிஸ்பெர்மேசியே. இலைச்சாறு பட்டால் தண்ணீரைக் கட்டியாக்கும் கட்டுக்கொடியும் இதே குடும்பம்தான்.

மலேசியாவில் பலர் வீட்டு வாசலில் பத்தாவாலி என்ற கசப்புக் கொடியை வளர்க்கிறார்கள். அதுதான் நம் சீந்தில் என்று சொல்லி வெட்டிக் கொடுக்கிறார்கள். இரண்டும் ஒன்றா?
– வாசகி, கிள்ளான்

ஒன்றில்லை. பத்தாவாலி என்பது டினோஸ்போரா கிரிஸ்பா. சீந்திலின் பேரினத்தைச் சேர்ந்ததே, ஆனால் வேறு இனம். தென்கிழக்காசியாவில் அதற்கென்று தனி மருத்துவ மரபு உண்டு. சித்த மருத்துவ ஏடுகளில் சீந்திலுக்குச் சொன்ன அளவையும் காலத்தையும் அதற்குப் பொருத்தக் கூடாது. அதை உண்டு ஈரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

வேறுபாடு தண்டில்தான். பத்தாவாலித் தண்டு முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக முண்டு முண்டாக இருக்கும். கையை வைத்து உருவினால் சொரசொரவென்று உறுத்தும். சீந்திலிலும் புள்ளிகள் உண்டு என்பதால்தான் குழப்பம் வருகிறது. சீந்தில் புள்ளி கண்ணுக்குத் தெரியும், கைக்கு அதிகம் தட்டுப்படாது. பத்தாவாலியின் முண்டு கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரியும். வெட்டிய இடத்தில் பால் போன்ற கசிவு வருகிறதா என்றும் பாருங்கள். இந்தியாவில் ஆயுர்வேதம், சித்தம் போன்ற மரபு மருத்துவங்களுக்கான ஆயுஷ் அமைச்சகம் 2022-இல் வெளியிட்ட அடையாளக் குறிப்பில் இதையும் ஒரு வேறுபாடாகச் சொல்லியிருக்கிறது. அதே குறிப்பின்படி சீந்தில் பூவுக்கு 6 இதழ், பத்தாவாலிக்கு 3. சீந்தில் பழம் உருண்டை, சிவப்பு. பத்தாவாலிப் பழம் நீள்வட்டம், ஆரஞ்சு நிறம்.

மூன்றாவதாக ஓர் இனமும் உண்டு: டினோஸ்போரா சைனென்சிஸ். இலையின் அடிப்பக்கம் வெல்வெட் மாதிரி மயிர் அடர்ந்திருக்கும். சீந்தில் இலை வழவழப்பானது. சந்தையில் இந்த மூன்றும் கலந்து வருகின்றன.

வேப்பமரத்தில் ஏறிய சீந்திலுக்கே வீரியம் அதிகம் என்கிறார்கள். வேப்பஞ்சாற்றை உறிஞ்சி வளர்வதால்தானாமே? எங்கள் மரத்தில் அடித்தண்டை வெட்டி எறிந்தும் மேலே கொடி பச்சையாகவே இருக்கிறது, அதற்கும் இதுதான் காரணமா?
– வாசகர், பெருந்துறை

சீந்தில் ஒட்டுண்ணி இல்லை. வேப்பமரம் அதற்கு ஏறி நிற்க ஓர் ஆதாரம், அவ்வளவே. அதன் வேர் மண்ணில் இருக்கிறது. மரத்தின் பட்டைக்குள் எதையும் செலுத்துவதில்லை. புல்லுருவியையும் சீந்திலையும் ஒன்றாக நினைப்பதால் இந்தக் கருத்து பரவியிருக்கிறது.

அடியை வெட்டியும் மேலே உயிரோடு இருப்பதற்குக் காரணம் அதன் சதைப்பற்றான தண்டு. அதில் நீரும் மாவுச்சத்தும் சேமிப்பில் இருக்கின்றன. வெட்டுப்பட்டதும் அந்தச் சேமிப்பைக் கொண்டு மேலிருந்து விழுதுகளை இறக்கும். மெல்லிய கயிறு போல அவை மாதக்கணக்கில் கீழே வந்து, மண்ணைத் தொட்டதும் வேராகிவிடும். பிறகு அது முழுக் கொடி. உங்கள் மரத்தில் இப்போது தொங்கும் விழுதுகளைப் பார்த்தாலே இது புரியும். கொடியை உண்மையிலேயே அகற்ற வேண்டுமானால் மேலே ஏறி முழுவதும் இறக்கி, வெட்டிய துண்டுகளை மண்ணில் படாமல் காயவிட வேண்டும்.

வேம்பில் ஏறியதை வைத்தியர்கள் விரும்பி எடுப்பது பழைய வழக்கம். அதை நாங்கள் தள்ளவில்லை. ஆனால் வேப்பமரத்துச் சீந்தில் என்று இரட்டை விலை கொடுப்பதில் பொருளில்லை. காய்ந்த துண்டைப் பார்த்து எந்த மரத்தில் ஏறியது என்று யாராலும் சொல்ல முடியாது. எட்டி மரத்திலோ அரளியிலோ ஏறிய கொடியை விட்டுவிடுங்கள். அந்த மரங்களின் நச்சு இலையும் குச்சியும் கலந்து வந்துவிடும் ஆபத்து அங்கே இருக்கிறது.

காய்ச்சல் விட்ட பிறகு உடம்பு தேற சீந்தில் குடிநீர் கொடுக்கச் சொன்னார் எங்கள் வைத்தியர். பச்சைத் தண்டா, காய்ந்ததா? எவ்வளவு தண்ணீர்? நான் வைத்தால் ஒரு நாள் நீர்க்க இருக்கிறது, ஒரு நாள் வாயில் வைக்க முடியவில்லை.
– வாசகி, திருமங்கலம்

முறைவெப்பகற்றி, உடல்தேற்றி என்று மருந்துப் பொருள்களின் குணம் சொல்லும் குணபாட நூல்கள் இதைச் சொல்வது நீங்கள் கேட்கும் பயனுக்காகத்தான்: விட்டு விட்டு வரும் காய்ச்சலுக்கும், காய்ச்சலுக்குப் பின் பசியற்றுத் தளர்ந்த உடம்புக்கும். வைத்தியர் வேறு அளவு குறித்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். குறிக்காவிட்டால் பெரியவர்களுக்கான பொது அளவு இது.

உலர்ந்த தண்டை ஒன்றிரண்டாக இடித்தது 10 கிராம், தண்ணீர் 160 மில்லி, காய்ச்சி 40 மில்லியாக வற்றவைப்பது. இது ஒரு வேளைக்கு. காலையும் மாலையும் என்றால் ஒரு நாளைக்கு 20 கிராம். ஆயுர்வேத மருந்தியல் நூலும் குடிநீருக்கு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் என்கிறது.

உங்களுக்குச் சுவை மாறுவதற்குக் காரணம் வற்றவைக்கும் அளவு நாளுக்கு நாள் மாறுவதுதான். இதற்கு ஒரு வழி உண்டு. முதலில் பாத்திரத்தில் 40 மில்லி தண்ணீர் மட்டும் ஊற்றி, ஒரு சுத்தமான குச்சியை நேராக நிறுத்தி, ஈரம் ஏறிய இடத்தில் கத்தியால் கீறிக்கொள்ளுங்கள். பிறகு மீதி 120 மில்லியையும் இடித்த மருந்தையும் சேருங்கள். அரை மணி நேரம் ஊறட்டும். அடுப்பைச் சிறு தீயில் வைத்து, மூடாமல் காய்ச்சி, அந்தக் கீறலுக்கு வந்ததும் இறக்கி வடிகட்டுங்கள். மருந்தும் இடம் அடைக்கும் என்பதால் கீறலுக்குச் சற்று மேலேயே நிறுத்தலாம். வாய் அகன்ற வாணலியில் பெருந்தீயில் வைத்தால் ஐந்தாறு நிமிடத்தில் தண்ணீர் ஆவியாகிவிடும், மருந்து இறங்காது. நீர்க்க இருக்கும் நாளில் நடந்தது இதுவாக இருக்கலாம். வாய் குறுகிய எவர்சில்வர் பாத்திரமோ மண்பாத்திரமோ நல்லது. அலுமினியம் வேண்டாம்.

காலையில் வைத்ததை மாலைக்கு எடுத்து வைக்காதீர்கள். குடிநீருக்குச் சித்த மருத்துவத்தில் ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். ஃபிரிஜ்ஜில் வைத்துச் சூடாக்கிக் குடிப்பதும் இந்த முறைக்குள் வராது. அதற்காகத்தான் ஒரு வேளை அளவாகச் சொன்னோம். இடித்த மருந்தை 10 கிராம் பொட்டலங்களாகக் கட்டி வைத்துக்கொண்டால் வேலை சுலபம்.

பச்சைத் தண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. மேல்தோலை உரித்துவிட்டு, நசுக்கிப் போடுங்கள். பொதுவாக ஒரு மூலிகையை உலர்ந்ததற்குப் பதில் பச்சையாகச் சேர்க்கும்போது ஆயுர்வேதத்தில் எடையை இரட்டிப்பாக்குவார்கள். சீந்திலுக்கு மட்டும், ஆடாதொடை, தண்ணீர்விட்டான் கிழங்கு போன்ற சிலவற்றோடு, விலக்கு உண்டு: இவற்றைப் பச்சையாகவே எடுக்க வேண்டும், இரட்டிப்பாக்கவும் கூடாது. கசப்பு தாங்காதவர்கள் இறக்கிய பின் சிறிது தேன் கலக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்குத் தேனும் வேண்டாம்.

எத்தனை நாள்? வைத்தியர் சொன்ன நாள் வரை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் கீழே வரும் ஒரு கேள்வியில் இருக்கிறது.

சீந்தில் சர்க்கரையை வீட்டிலேயே எடுக்க முயன்றேன். ஒரு முறை புளித்த வாடை வந்தது, மறுமுறை பழுப்பாகக் கூழ் மாதிரி வந்தது. கடையில் வாங்குவது பால் போல வெள்ளையாக இருக்கிறதே?
– வாசகர், அம்பாசமுத்திரம்

முதலில் உங்கள் முயற்சிக்குப் பாராட்டு. பொறுமை கேட்கும் வேலை இது. சர்க்கரை என்ற பெயர் இருந்தாலும் இனிக்கும் பொருள் இல்லை. தண்டிலிருக்கும் மாவுச்சத்தோடு கொஞ்சம் கசப்புச்சத்தும் சேர்ந்து படிவது.

தண்டைத் தேர்வு செய்வதிலேயே பாதி வெற்றி இருக்கிறது. கட்டைவிரல் பருமனுக்கு மேல் முற்றிய பச்சைத் தண்டு வேண்டும். இலை உதிர்ந்து நிற்கும் கோடையில் எடுங்கள். மழை விழுந்து தளிர் விடத் தொடங்கினால் சேர்த்து வைத்த மாவை இலைக்குச் செலவழித்துவிடும். இளந்தண்டில் மாவு குறைவு, வழவழப்பு அதிகம்.

1 கிலோ தண்டைக் கழுவி, காகிதத் தோலை முழுக்க உரித்துவிடுங்கள். உங்களுக்குப் பழுப்பு நிறம் வந்தது பெரும்பாலும் தோல் மிச்சமிருந்ததால்தான். இரண்டு அங்குலத் துண்டுகளாக்கி, உரலில் இட்டு நார் பிரியும் வரை நசுக்குங்கள். மிக்ஸியில் போட்டால் நாரும் பொடியாகித் துணி வழியே இறங்கிவிடும். வேறு வழியில்லை என்றால் விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று மட்டும் ஓட்டுங்கள். நசுக்கியதை 4 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிடுங்கள். வெயில் கொளுத்தும் ஊரில் ஓர் இரவைத் தாண்டினால் நுரை கட்டிப் புளிக்கத் தொடங்கும். முதல் முறை உங்களுக்கு நேர்ந்தது இதுதான். மாலையில் போட்டு விடியற்காலையில் எடுத்துவிடுங்கள், பாத்திரத்தைக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

காலையில் அதே தண்ணீரிலேயே கையால் நன்றாகப் பிசையுங்கள். நாரைப் பிழிந்தெடுத்துத் தள்ளிவிட்டு, நீரை இரண்டாக மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். 4 முதல் 6 மணி நேரம் அசைக்காமல் வைத்தால் அடியில் வண்டல் படியும். படியவே இல்லை, நீர் கொழகொழவென்று இருக்கிறது என்றால் வழவழப்பு அதிகமாகி மாவை மிதக்க வைத்திருக்கிறது. இன்னும் 2 லிட்டர் தண்ணீர் சேர்த்துக் கலக்கி மறுபடி வைத்தால் இறங்கிவிடும்.

மேல்நீரைப் பாத்திரத்தைச் சாய்த்து மெதுவாக இறுத்துவிட்டு, 1 லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றி ஒருமுறை அலசி மறுபடி படியவிடுங்கள். ஒருமுறை போதும். வெள்ளையாக வரட்டும் என்று மூன்று நான்கு முறை அலசினால் கசப்பு முழுதும் போய் வெறும் மாவு மிஞ்சும். வண்டலை அகலத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, மேலே துணி கட்டி, நிழலிலும் இளவெயிலிலும் காயவையுங்கள். கூழ் ஆனதாகச் சொன்னீர்கள். அடுப்பில் வைத்துக் காய்ச்சியிருந்தால் அப்படித்தான் ஆகும். மாவுச்சத்து சூட்டில் கஞ்சியாகிவிடும், பிறகு அதைப் பொடியாக்க முடியாது.

1 கிலோவுக்கு 20 முதல் 40 கிராம் கிடைத்தால் நல்ல தண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு குறைவாகக் கிடைப்பதால்தான் கடைச் சரக்கில் கூவைக்கிழங்கு மாவும் மரவள்ளி மாவும் கலக்கிறார்கள். அயோடின் சொட்டுவிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. சீந்தில் சர்க்கரையும் மாவுச்சத்துதான், அதுவும் நீலமாகும். நாவைத்தான் நம்ப வேண்டும். நல்ல சரக்கு மங்கிய வெண்மையில் இருக்கும், வாயில் வைத்தால் கடைசியில் மெல்லிய கசப்பு நிற்கும். பால் போன்ற வெண்மையும் சுவையே இல்லாமையும் சேர்ந்திருந்தால் வாங்காதீர்கள்.

இறுத்துக் கொட்டும் அந்த மேல்நீரில்தான் பெர்பெரின் முதலான கசப்புப் பொருள்களில் பெரும்பகுதி போய்விடுகிறது. ஆகவே குடிநீரும் சர்க்கரையும் ஒரே மருந்தின் இரண்டு வடிவம் என்று நினைத்து ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எடுக்காதீர்கள். சர்க்கரையின் வழக்கமான அளவு நாளைக்கு 1 முதல் 2 கிராம்.

கொரோனா நாள்களிலிருந்து தினமும் காலையில் சீந்தில் சாறு குடித்து வருகிறேன். நோய் எதிர்ப்புச் சக்திக்காக. ஈரலைக் கெடுக்கும் என்று ஒரு செய்தி பார்த்தேன். இயற்கையான மூலிகை எப்படிக் கெடுக்கும்? நிறுத்த வேண்டுமா?
– வாசகர், சென்னை

நிறுத்துங்கள். இந்த வாரமே ஈரல் செயல்பாட்டுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி., பிலிரூபின் மூன்றும் அதில் வரும். எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் பார்த்துவிடுங்கள்.

நடந்தது என்ன என்பதைச் சொல்கிறோம். 2020 செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடையே மும்பையில் மஞ்சள் காமாலையோடு வந்த 6 பேர், அதற்கு முன் சீந்தில் எடுத்திருந்ததாக ஈரல் மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. எந்தச் செடி என்பதே சரியாக உறுதி செய்யப்படவில்லை, பத்தாவாலி எனப்படும் டினோஸ்போரா கிரிஸ்பாவைச் சீந்தில் என்று நினைத்து உண்டிருக்கலாம் என்பது அதன் வாதம். பிறகு 2022-இல் இந்தியாவின் 13 மையங்களிலிருந்து 43 நோயாளிகளைச் சேர்த்து இன்னொரு கட்டுரை வந்தது. குடிக்கத் தொடங்கியதிலிருந்து அறிகுறி தோன்ற எடுத்த காலத்தின் நடுமதிப்பு அதில் 46 நாள். பலருக்கு ஈரலில் தென்பட்டது, உடலின் எதிர்ப்பாற்றல் தன் ஈரலையே தாக்கும்போது காணும் அடையாளம்.

செடி மாறியிருக்கலாம் என்ற வாதத்தை நாங்கள் ஒதுக்கவில்லை. மேலே இரண்டு கேள்விகளுக்கு அடையாளம் பற்றி அவ்வளவு எழுதியதே அதனால்தான். ஆனால் அதை மட்டும் காட்டி, சரியான சீந்தில் என்றால் எவ்வளவு நாளும் குடிக்கலாம் என்று சொல்வது பொறுப்பான பேச்சாகாது. எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பொருள் என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். அந்தத் தூண்டுதல் சிலர் உடம்பில் தவறான இடத்தில் பாயலாம் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் வருவதில்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

சித்த மருத்துவம் இதைத் தினசரிப் பானமாகச் சொன்னதும் இல்லை. 15 சரக்குகள் சேர்ந்த கபசுரக் குடிநீரில் சீந்தில் தண்டு ஒன்று; அதையும் குறிப்பிட்ட நாள்களுக்கே கொடுப்பார்கள். தனிச்சாறாகப் பாட்டிலில் அடைத்து, மாதக்கணக்கில், சாப்பாடு மாதிரி குடிப்பது இப்போது வந்த பழக்கம். மரபின் பெயரைச் சொல்லி விற்றாலும் மரபு அதற்குச் சான்று தராது.

பசியின்மை, அளவுக்கு மீறிய அசதி, அடர்ந்த நிறத்தில் சிறுநீர், உடம்பு அரிப்பு, கண்ணில் மஞ்சள் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், குடித்த புட்டியையோ கொடித்துண்டையோ கையோடு கொண்டு செல்லுங்கள். மூலிகை குடித்ததை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். காமாலைக்குச் சீந்திலே மருந்து என்று எண்ணி மேலும் குடிப்பதுதான் இதில் மிகப் பெரிய ஆபத்து.

ஏற்கெனவே ஈரல் நோய் உள்ளவர்கள், முடக்குவாதம், லூபஸ், தன்னெதிர்ப்புத் தைராய்டு நோய் உள்ளவர்கள், உறுப்பு மாற்று செய்து எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை எடுப்பவர்கள் சீந்திலைத் தாமாகத் தொடவே வேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் அப்படியே.

சர்க்கரைக்கு கிளிமெபிரைடு மாத்திரை எடுக்கிறேன். சீந்தில் சூரணம் சேர்த்தால் மாத்திரையைக் குறைக்கலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

நீங்களாகக் குறைக்கக் கூடாது. மதுமேகத்துக்குச் சீந்தில் சொல்லப்பட்ட மருந்துதான். சர்க்கரையை ஓரளவு இறக்கவும் செய்யும். பிரச்சினையும் அங்கேதான். கிளிமெபிரைடு, இன்சுலின் இரண்டும் தாமே சர்க்கரையைத் தாழ்நிலைக்குக் கொண்டுபோகக் கூடியவை. அதோடு இதுவும் சேர்ந்தால் சாப்பாடு தள்ளிப்போன ஒரு மதியம் வியர்வை, நடுக்கம், கண் இருட்டல் வரலாம். இரண்டு மருத்துவர்களுக்கும் தெரிந்து, சூரணம் நாளைக்கு 3 கிராமில் தொடங்கி, வீட்டில் குளுக்கோமீட்டரில் எண்ணைக் குறித்துக்கொண்டே போங்கள். மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்பதை அந்த எண்களைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். அறுவைச் சிகிச்சை ஏதும் நாள் குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே சீந்திலை நிறுத்திவிடுங்கள்.

மாதுளையும் சாத்துக்குடியும் வைத்திருக்கிறேன். பழம் பழுக்கும் நேரத்தில் குண்டூசி குத்திய மாதிரி துளை விழுந்து உதிர்கிறது. வேலியிலுள்ள சீந்தில்தான் காரணம் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். கொடிக்கும் பழத்துக்கும் என்ன தொடர்பு?
– விவசாயி, ஒட்டன்சத்திரம்

உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் சொல்வது சரி. பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சியின் புழு பழத்தைத் தொடுவதே இல்லை. அது தின்பது சீந்தில், கட்டுக்கொடி போன்ற இந்தக் குடும்பத்துக் கொடிகளின் இலையை. வளர்ந்து அந்தாகி வெளிவந்த பிறகுதான் பழத்துக்கு வருகிறது. யூடோசிமா என்ற பேரினம் இது. முன்னிறக்கை காய்ந்த சருகு நிறம், பின்னிறக்கை ஆரஞ்சு மஞ்சளில் கறுப்புப் பட்டை. உறிஞ்சுகுழலின் முனை முள் முள்ளாகக் கடினமாக இருப்பதால் சாத்துக்குடித் தோலையும் துளைக்கும்.

துளை சிறியதுதான். அதன் வழியாகப் பூஞ்சையும் பாக்டீரியாவும் புகுந்து சுற்றிலும் அழுக வைக்கும். சந்தேகமுள்ள பழத்தை லேசாக அழுத்துங்கள். துளையிலிருந்து சாறு பீய்ச்சினால் இந்த அந்துதான். அந்தி சாய்ந்த பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு போனால் பழத்தில் அமர்ந்திருப்பதையே பார்க்கலாம்.

சீந்திலின் மேல் எங்களுக்கு எவ்வளவு மதிப்பிருந்தாலும், மாதுளை, சாத்துக்குடித் தோட்டத்தின் வேலியில் அது இருக்க வேண்டாம் என்றே சொல்வோம். வெட்டினால் போதாது, மேலே சொன்னதுபோல் விழுது விட்டு மறுபடி வரும், முழுக்க இறக்குங்கள். அந்து நெடுந்தூரம் பறக்கக்கூடியது, ஆகவே உங்கள் வேலியை மட்டும் சுத்தம் செய்தால் சேதம் குறையுமே தவிர நிற்காது. பழுக்கத் தொடங்கும் முன் பழங்களுக்குப் பை கட்டுங்கள். விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கிப் புதையுங்கள்; அழுகிய வாடைதான் அடுத்த கூட்டத்தை அழைத்து வருகிறது. அந்தி நேரத்தில் புகைமூட்டம் போடுவதும் உதவும். கொடியை வைத்திருந்தே தீர வேண்டும் என்றால், மழைக்குப் பின் தளிர் வந்ததும் இலையைப் புரட்டிப் பாருங்கள். வெல்வெட் மாதிரி கருமையான புழு, உடம்பின் இரு பக்கமும் கண் போன்ற வட்டங்கள் இருக்கும். பொறுக்கி அழித்துவிடுங்கள்.

மாடியில் தொட்டியில் சீந்தில் வளருமா? இரண்டு முறை போத்து நட்டேன், அழுகிவிட்டது.
– வாசகி, தஞ்சாவூர்

வளரும். அழுகியது தண்ணீர் அதிகமானதால். விரல் பருமனுள்ள தண்டில் 15 முதல் 20 செ.மீ. நீளத்துக்கு, இரண்டு கணு இருக்கும்படி வெட்டுங்கள். அடிமுனையைச் சாய்வாக, மேல்முனையை நேராக வெட்டினால் தலைகீழாக நடும் தவறு வராது. வெட்டிய உடனே நடாமல் ஒரு நாள் நிழலில் போட்டு வெட்டுவாயை ஆறவிடுங்கள். ஒரு கணு மண்ணுக்குள், ஒரு கணு வெளியே. செம்மண், மணல், மக்கிய எரு கலந்த மண் போதும். துளிர் வரும் வரை மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். வைகாசி, ஆனியில் நட்டால் நன்றாகப் பிடிக்கும். ஏறுவதற்குக் கம்பியோ கயிறோ கட்டிவிடுங்கள். தண்டு 2.5 செ.மீ. பருமனுக்கு வந்த பின் அறுக்கலாம். அடியில் ஒரு முழம் விட்டு அறுத்தால் மறுபடி தழைக்கும். தொட்டியில் அந்தப் பருமன் வர ஆண்டுகள் ஆகும். மருந்துக்கென்றால் தரையில் ஒரு முருங்கையோ வேம்போ ஒட்டி வைப்பதே நல்லது.

சீந்தில் இலையை வாட்டிப் புண்ணில் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பாவுக்குக் காலில் சர்க்கரைப் புண் இருக்கிறது. கட்டலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

வேண்டாம். ஆறக்கூடிய சாதாரணப் புண்ணுக்குச் சொன்ன வழக்கம் அது. சர்க்கரை நோயில் காலில் உணர்ச்சி மங்கியிருக்கும். வாட்டிய இலையின் சூடு தெரியாமல் புதுக் கொப்புளம் வரும், இலைக்கடியில் ஈரம் தங்கிச் சீழ் பிடித்தாலும் தெரியாது. சர்க்கரைப் புண்ணை மருத்துவமனையில் சுத்தம் செய்து கட்டுங்கள், தாமதிக்காதீர்கள்.

நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த சீந்தில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகி, விருத்தாசலம்

பொடியாக வாங்காதீர்கள், துண்டாக வாங்குங்கள். துண்டின் குறுக்குவெட்டில் ஆப்பு வடிவ ஆரங்கள் தெரிய வேண்டும். மேல்தோல் நீளவாக்கில் சுருங்கியிருக்கும், வெளிறிய புள்ளிகள் இருக்கும். கூர்மையான முண்டுகள் நிறைந்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். ஒரு சிறு துணுக்கை மென்றால் கசக்க வேண்டும். துளையும் வெள்ளைப் பொடியும் இருந்தால் வண்டு அரித்த பழஞ்சரக்கு. கறுத்தோ பாசி வாடை அடித்தோ இருந்தால் சரியாகக் காயாமல் மூட்டை கட்டியது. மாவுச்சத்து நிறைந்த தண்டு என்பதால் பூஞ்சை இதில் சீக்கிரம் பிடிக்கும். வாங்கியதை ஒரு நாள் வெயிலில் காட்டிக் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். வீட்டில் இடித்து வஸ்திரகாயம் செய்த, அதாவது துணியில் சலித்த சூரணத்தை மூன்று மாதத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள்.